மூக்குத் தோல் ஏன் தடிக்கிறது, அதை எப்படிச் சரிசெய்கிறார்கள்?

எங்கள் பெரியப்பாவுக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். வயது 62. காலையில் காபி, சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை, அதைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. ஐந்தாறு வருஷமாக அவருடைய மூக்கு நுனி பெருத்துக்கொண்டே வந்தது. முதலில் ஒரு பக்கம் சின்ன மேடு, அப்புறம் இரண்டு பக்கமும். தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி குழி குழியாகி, எண்ணெய் வழிந்து, நிறமும் கருஞ்சிவப்பாக மாறியது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "தினமும் தண்ணி போடுவீங்களோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பாயசம் வருவதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். அதன் பிறகு இரண்டு வருஷம் அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. பெரியம்மாதான் போய் மொய் எழுதிவிட்டு வருவார்.

அந்த மூக்குக்கு மருத்துவத்தில் ரைனோஃபைமா என்று பெயர். கிரேக்க மொழியில் ரைனோ என்றால் மூக்கு, ஃபைமா என்றால் வளர்ச்சி. 1845-ல் வியன்னாவின் தோல் மருத்துவர் ஃபெர்டினான்ட் ஃபான் ஹெப்ரா வைத்த பெயர் அது. ரோசேசியா என்ற தோல் நோய் பல வருஷம் கவனிக்கப்படாமல் கிடந்தால், சிலருக்கு மூக்கில் இப்படித் தடிக்கும். இது புற்றுநோய் கிடையாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. சரிசெய்யவும் முடியும். பெரியப்பாவோடு ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது டாக்டர்களிடம் கேட்டும் பார்த்தும் புரிந்துகொண்டதை, இதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

முதலில் ரோசேசியா

ரோசேசியா முகத்தின் நடுப்பகுதியில் வரும் நாள்பட்ட அழற்சி. மூக்கு, கன்னம், நெற்றி, தாடை ஆகிய இடங்களில் தோலுக்கடியில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் லேசில் விரிந்துவிடும். வெயில் பட்டால், சூடாகக் குடித்தால், காரமாகச் சாப்பிட்டால், கோபப்பட்டால் முகம் குப்பென்று சூடாகும். முதலில் வந்து வந்து போகும் அந்தச் சிவப்பு, நாளாக ஆகத் தங்கிவிடும். சிலருக்கு மேலே பரு மாதிரியும் வரும். சிலருக்குக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை. அதனால்தான் இங்கே இது பிடிபடாமல் போகிறது. படங்களில் பார்க்கும் வெள்ளைக்காரர் கன்னம் தக்காளிப் பழம் மாதிரி இருக்கும். நம் ஆட்களுக்கு அந்த இடம் கொஞ்சம் கறுத்து, செம்பு நிறம் ஏறியதுபோல இருக்கும், அவ்வளவுதான். "வெயில்ல கறுத்துட்டே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆகவே நிறத்தை விட உணர்வைக் கவனிக்க வேண்டும். முகம் அடிக்கடி சூடாகிறதா, சோப்பு போட்டால் எரிகிறதா, வெயிலில் நின்று வந்தால் மணிக்கணக்கில் காந்துகிறதா? பெரியப்பாவுக்கு நாற்பது வயதிலிருந்தே இந்த மூன்றும் இருந்திருக்கின்றன. நடவு நேரத்தில் வரப்பில் நின்றுவிட்டு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார். அது ஒரு நோயின் அடையாளம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

ரோசேசியா ஏன் வருகிறது என்பதற்குப் பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பரம்பரை ஒன்று. தோலின் தற்காப்பு அமைப்பு சின்னத் தூண்டுதலுக்கும் அளவுக்கு மீறிப் பொங்குவது இன்னொன்று. எல்லோர் முகத்திலும் மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணி, ரோசேசியா உள்ளவர்களின் தோலில் கூடுதலாக இருப்பதும் உண்டு.

மூக்கு பெருப்பது எப்படி?

மூக்கின் கீழ்ப்பாதித் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும். காலையில் எழுந்ததும் மூக்கு நுனியை விரலால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு தெரியுமே, அது இவற்றின் வேலைதான். அழற்சி வருஷக்கணக்கில் நீடிக்கும்போது இந்தச் சுரப்பிகள் வீங்கிப் பெருக்கின்றன. அவற்றின் வாய் அகலமாகி, குழி குழியாகத் தெரிகிறது. சுற்றிலும் நார்த்திசு, அதாவது தழும்பில் இருக்கும் கெட்டியான சதை, கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. ரத்தக் குழாய்களும் கூடுகின்றன. இவையெல்லாம் சேர்ந்துதான் மேடும் பள்ளமுமாக மூக்கு வளர்கிறது. உள்ளே இருக்கும் எலும்பும் குருத்தெலும்பும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பழைய மூக்கு அந்தத் தோல் மூட்டைக்குள்ளே அதே வடிவத்தில் இருக்கிறது. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது, இதை மறக்க வேண்டாம்.

பெண்களுக்கும் ரோசேசியா வரும். ஆனால் மூக்கு இப்படித் தடிப்பது மிகப் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான், அதுவும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு. அபூர்வமாகத் தாடை, நெற்றி, காது மடல், கண் இமை ஆகியவையும் இதே போலத் தடிக்கலாம்.

குடி விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்க இந்த மூக்கைக் குடிகாரன் மூக்கு என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். அது தவறு. மது முகத்தைச் சூடாக்கும், ஏற்கெனவே ரோசேசியா இருந்தால் தூண்டிவிடும். ஆனால் மது வாசனையே அறியாதவர்களுக்கும் இந்த மூக்கு வருகிறது, வாழ்நாளெல்லாம் குடித்தவர்கள் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அமெரிக்கப் பெரும் பணக்காரர் ஜே. பி. மார்கனுக்கு இந்த நோய் இருந்தது. தன்னைப் படம் எடுப்பதையே வெறுத்தவர், எடுத்த படங்களிலும் மூக்கைத் திருத்தச் சொன்னவர். அவ்வளவு காசு இருந்தவருக்கே ஊர்க் கண்ணைத் தாங்க முடியவில்லை என்றால், பந்தியில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பா எழுந்து போனதில் என்ன ஆச்சரியம்? பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் கிர்லாண்டாயோ 1490 வாக்கில் வரைந்த ஒரு தாத்தா, பேரன் படம் இருக்கிறது. தாத்தாவின் மூக்கு முழுக்க இதே மேடுகள். பேரன் அந்த முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தை போனில் பெரியப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு எதுவாகவும் இருக்கலாம்

மூக்கு தடித்த எல்லோருக்கும் இந்த நோய்தான் என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. தொழுநோயில் மூக்கும் முகமும் தடிக்கலாம். அதில் காது மடலும் தடிக்கும், புருவ முடி உதிரும், உடம்பில் எங்காவது உணர்ச்சியற்ற தேமல் இருக்கும். அதற்கு முழுமையாகக் குணப்படுத்தும் மாத்திரை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. தோலில் வரும் காசநோய், உடம்பில் சின்னச் சின்ன அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் போன்றவையும் மூக்கில் உட்காரலாம். குளத்தில் குளித்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு மூக்குக்குள்ளே சிவப்பாகச் சதை வளர்ந்து ரத்தம் கசியும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற ஒன்றும் உண்டு. அது உள்ளே வளர்வது, நான் சொல்வது வெளித்தோலில் வருவது. பெயர் ஒன்று போல இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டாக்டரிடம் காட்ட இன்னொரு காரணமும் இருக்கிறது. தடித்த தோலின் மடிப்புக்குள் தோல் புற்றுநோய் மறைந்திருக்கலாம். சமச்சீராக வளராமல் ஒரே இடம் மட்டும் வேகமாகப் பெருத்தாலோ, ஆறாத புண்ணாக இருந்தாலோ, தானாக ரத்தம் கசிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள், அதுதான் பயாப்ஸி. அறுவை செய்யும்போது சீவி எடுத்த தோலையும் அதே பரிசோதனைக்கு அனுப்புவது நல்ல வழக்கம். அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து எதுவரை போகும்?

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் வருகிறது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அழற்சியை மருந்து அடக்கும். படிந்துபோன நார்த்திசுவை எந்த மாத்திரையும் களிம்பும் கரைக்காது. மூக்கு மெத்தென்று வீங்கி, சிவந்து, அழுத்தினால் அமுங்கும் நிலையில் இருந்தால் மருந்துக்கு வேலை உண்டு. கல் மாதிரி கெட்டிப்பட்டு மேடாகிவிட்டால் மருந்து அதை வளரவிடாமல் நிறுத்தும், குறைக்காது.

அழற்சிக்கு அதிகம் கொடுப்பது டாக்சிசைக்ளின். இது நுண்ணுயிர்க்கொல்லிதான் என்றாலும், ரோசேசியாவில் 40 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் அழற்சியைத் தணிக்கவே கொடுக்கிறார்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரையோடும் பாலோடும் சேர்த்துப் போடக் கூடாது. தடவுவதற்கு ஐவர்மெக்டின் 1 சதவீதக் களிம்பு, மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம் ஆகியவற்றில் ஒன்றைத் தருவார்கள். வாரக்கணக்கில் தடவினால்தான் பலன் தெரியும்.

சுரப்பிகளையே சுருக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, ஐசோட்ரெட்டினோயின். ஆரம்ப நிலைத் தடிப்பில் இதைக் குறைந்த அளவில் கொடுத்தால் மூக்கின் பருமன் கொஞ்சம் இறங்கலாம். உதடு காயும், ரத்தக் கொழுப்பும் கல்லீரலும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் டாக்டர் சொல்லும் கட்டுப்பாடு இல்லாமல் தொடவே கூடாது. இதைச் சாப்பிட்டவர்கள் பிறகு அறுவைக்குப் போனால், கடைசி மாத்திரை எப்போது போட்டது என்று அவசியம் சொல்ல வேண்டும். ஆழமாகத் தோல் சீவும் சிகிச்சைக்கு முன் சில மாதம் இடைவெளி விடச் சொல்வது வழக்கம்.

இனி, டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாத மருந்தைப் போலவே, கேட்காமல் தடவக் கூடாத மருந்தும் ஒன்று உண்டு. பெரியப்பாவுக்கு ஆரம்பத்தில் மூக்கில் பரு மாதிரி வந்தபோது ஒரு மருந்துக்கடையில் போய்க் கேட்டார். ஒரு சிறிய டியூப் கொடுத்தார்கள். தடவிய மூன்றாம் நாளே சிவப்பு மாயமாக மறைந்தது. நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி தடவினார். இப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு தோல் டாக்டர் அந்த டியூபை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், அதில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. முகத்தில் ஸ்டீராய்டு களிம்பை நாள்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் விரியும், ரோசேசியா போன்ற நோயை அதுவே உண்டாக்கும். சிவப்பழகுக்காக என்று விற்கும் பல கலவைக் களிம்புகளிலும் இது இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கிவிட்டது. அப்படியும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. தயவுசெய்து கேட்காதீர்கள். ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், டியூபையே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

வீட்டு வைத்தியத்தில் இரண்டு தவிர்க்க வேண்டியவை: மூக்கில் சுண்ணாம்பு வைப்பது, ஆவி பிடிப்பது. ஒன்று தோலை வேகவைக்கும், மற்றொன்று சூட்டை ஏற்றி ரத்தக் குழாயை விரிக்கும். பிதுக்குவதும் கூடாது. பெரியப்பா கண்ணாடி முன் நின்று மூக்கை அழுத்தி வெள்ளையாக வருவதைத் துண்டில் துடைப்பார். அது சீழ் என்று நினைத்திருந்தார். அது அடைபட்ட எண்ணெய்தான்.

சீவி எடுப்பது

கெட்டிப்பட்ட மூக்குக்கு உண்மையான சிகிச்சை, அதிகப்படியான தோலைச் சீவி எடுப்பதுதான். இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. மூக்கின் தோலைச் சீவிவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும்? வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டாமா? டாக்டரிடம் கேட்டேன். அவர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மேலே மெல்லிய மேல்தோல். அதிலிருந்து கீழ்நோக்கிக் குடம் மாதிரித் தொங்கும் எண்ணெய்ச் சுரப்பிகள். அவற்றின் சுவரிலும் மேல்தோலை உண்டாக்கும் அதே வகை அணுக்கள் இருக்கின்றன. மேல் பாதியைச் சீவிவிட்டு, சுரப்பிகளின் அடிப்பாகத்தை விட்டுவைத்தால், அங்கிருந்து புதுத்தோல் எல்லாப் பக்கமும் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஒட்டவே வேண்டியதில்லை.

பெரியப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே, "மறுதாம்பு மாதிரி" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. நெல்லை அறுக்கும்போது தாளை விட்டு அறுத்தால், ஈரம் இருந்தால், அந்தத் தூரிலிருந்து மறுபடி துளிர்த்து வரும், அதுதான் மறுதாம்பு என்று நான் விளக்கினேன். தூரோடு பிடுங்கிவிட்டால் எதுவும் வராது. "அதேதான், ஐயா" என்றார் டாக்டர். "தூரை விட்டுத்தான் அறுக்கணும்."

இந்தச் சிகிச்சையை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. எவ்வளவு எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பதுதான் இங்கே கைத்திறன். ஆழமாகப் போய்விட்டால் சுரப்பிகளின் அடி போய்விடும். அந்த இடம் வழவழவென்று வெளுத்த தழும்பாக ஆறும், மூக்கு மடலின் விளிம்பு மேலே இழுத்துக்கொள்ளும். அதைத் திருத்துவது கடினம். குறைவாக எடுத்தால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். அதனால் அனுபவசாலிகள் கொஞ்சம் பாக்கி வைத்துத்தான் நிறுத்துவார்கள். சீவிக்கொண்டே வரும்போது மீதித் தோலை விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்களாம். புள்ளி புள்ளியாக வெள்ளை எண்ணெய் வந்தால் சுரப்பிகளின் அடி இன்னும் இருக்கிறது என்று பொருள்.

எதைக் கொண்டு சீவுகிறார்கள் என்பதில் பல வழிகள் உண்டு. பழைய வழி, அறுவைக் கத்தி. விரைவாக எடுத்துவிடலாம், ஆனால் மூக்கில் ரத்த ஓட்டம் அதிகம், கசிவும் அதிகம். மின்சாரத்தால் சூடாகும் கம்பி வளையத்தால் செதுக்குவது இன்னொன்று. வெட்டும்போதே சின்ன ரத்தக் குழாய்களை மூடிக்கொண்டு போகும், பல இடங்களில் கைக்கெட்டும் கருவியும் அதுதான். சூடு ஆழமாக இறங்கினால் தழும்பாகும் என்பது அதில் கவனிக்க வேண்டியது. மூன்றாவது, கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் கதிரைத் தோலில் உள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு அந்த அடுக்கே ஆவியாகிவிடும். ரத்தம் அதிகம் வராததால் டாக்டருக்கு ஆழம் தெளிவாகத் தெரியும், மெல்லிய அடுக்குகளாக எடுக்கலாம். நேரமும் செலவும் கூடுதல். எர்பியம் லேசரில் சூடு இன்னும் குறைவு, ரத்தக் கசிவு அதைவிட அதிகம். சுழலும் கரடான சக்கரத்தால் தேய்த்துச் சமன்செய்வதும் உண்டு. பெரிய மேட்டைக் கத்தியால் எடுத்துவிட்டு ஓரங்களை லேசராலோ தேய்த்தோ இழைப்பது போலக் கலந்தும் செய்கிறார்கள். எந்தக் கருவி உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், இந்த மூக்கை ஏற்கெனவே செய்து பழகிய கை எந்தக் கருவியைப் பிடித்திருக்கிறதோ அதுதான் என்பேன்.

பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பிலிருந்து வெளிவரும் நரம்பின் பக்கத்திலும் மூக்கைச் சுற்றிலும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசி வலிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு தொடுவது தெரியும், வலி தெரியாது. ரத்தக் கசிவைக் குறைக்க அதே மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, இதய டாக்டரைக் கேட்டுத்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அறுவையைத் தள்ளிவைப்பார்கள், பெரியப்பாவுக்கு ஒரு தடவை அப்படித்தான் தள்ளிப்போனது.

அந்த மூன்று வாரம்

கார்த்திகையில் செய்துகொண்டார். நடவு முடிந்திருந்தது, வானம் மூட்டமாக இருந்தது, முகத்தில் வெயில் படாது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முதல் கட்டைப் பிரித்த காலையை மறக்க முடியாது. பெரியம்மா சமையலறைக்குள் போய்விட்டார். நான்தான் செய்தேன். டாக்டர் கொடுத்த சலைனில் பஞ்சை நனைத்து, வாசலின் தடவிய துணி ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் பத்து நிமிஷம் வைத்துக் காத்திருந்தேன். ஊறிய பிறகு துணி தானாக நழுவி வந்தது. காயவைத்துப் பிய்த்திருந்தால் புதுத்தோலும் சேர்ந்து வந்திருக்கும். உள்ளே பச்சை இறைச்சி மாதிரிச் சிவப்பு, மேலே மஞ்சள் நீர் கசிவு. பயந்துவிட்டேன். நாலைந்து நாளில் அந்தச் சிவப்பின் நடுவே வெளிறிய புள்ளிகள் வந்தன, ஊசிமுனை அளவுக்கு. இரண்டு நாளில் புள்ளிகள் சற்று அகன்றன. அப்புறம் பக்கத்துப் புள்ளியோடு சேர ஆரம்பித்தன. டாக்டர் சீட்டுப் பின்னால் வரைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பெரியப்பா கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "துளிர் விட்டுடுச்சு தம்பி" என்றார்.

முழுவதும் மூட இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதுவரை ஈரப்பதத்தோடு வைத்திருக்க வேண்டும். "காத்து படட்டும், காஞ்சா ஆறிடும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், கேட்காதீர்கள். மஞ்சள் பூசாதீர்கள். சீழ் நாற்றம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி ஆகிய மூன்றில் எது வந்தாலும் உடனே போய்க் காட்ட வேண்டும். தோல் மூடிய பிறகும் இளஞ்சிவப்பு நிறம் சில மாதம் இருக்கும். நம் நிறத் தோலில் அந்த இடம் சில மாதம் கறுத்தோ, சிலருக்கு நிரந்தரமாகக் கொஞ்சம் வெளுத்தோ போகலாம். இதை அறுவைக்கு முன்பே டாக்டரோடு பேசிவிடுங்கள், பின்னால் மனசு உடையாமல் இருக்கும்.

சீவியதோடு ரோசேசியா போய்விடாது. சுரப்பிகளின் அடி இருப்பதால்தான் தோல் துளிர்த்தது, அதே காரணத்தால் வருஷங்கள் கழித்துத் திரும்பவும் தடிக்கலாம். அதனால் களிம்பு தொடரும், வெயில் பாதுகாப்பும் தொடரும். எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைத் தினமும் தடவ வேண்டும். தலையில் கட்டும் துண்டு மூக்குக்கு நிழல் தராது, விளிம்புள்ள தொப்பி வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாள் முழுக்க வரப்பில் நிற்கும் ஆளைத் தொப்பி போடவைக்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. காபியை விட வேண்டுமா என்பதுதான் அவருடைய பெரிய கவலை. விட வேண்டியதில்லை. 2018-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் காபி குடிக்கும் பெண்களுக்கு ரோசேசியா குறைவாகவே காணப்பட்டது. சூடுதான் தொந்தரவு. இப்போது டபராவில் நாலு தடவை கூடுதலாக ஆற்றிக் குடிக்கிறார்.

எங்கே போவது?

முதலில் தோல் மருத்துவர், அவர் தேவை என்றால் பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்புவார். டெல்டாவில் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தஞ்சாவூரில் 1959 முதலும், திருவாரூரில் 2010 முதலும், நாகப்பட்டினத்தில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றின் மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. தோல் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் ஒன்றாகவே இயங்கும். வாசல் பலகையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட ஒன்றுமில்லை, தேமலுக்கும் அதே வாசல்தான். இதுவரை தடவிய டியூப், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றும் வேண்டும். மூக்கின் பழைய வடிவம் எது என்று அறுவை செய்பவருக்கு அதுதான் காட்டும். பெரியப்பாவுக்கு ரேஷன் கார்டுப் படம்தான் கிடைத்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

இதை அழகுக்கான சிகிச்சை என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். மூக்கு மடலின் பாரம் துவாரத்தை அழுத்தி, ராத்திரியில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அறுவைக்குப் பிறகு இரண்டாம் மாதத்தில்தான் வாய் மூடித் தூங்கினார் என்று பெரியம்மா சொன்னார்.

போன வாரம் அவரை மன்னார்குடிக்குக் கூட்டிப் போனேன். முன்பு கண்ணாடி மூக்கில் உட்காராமல் மேட்டின் மேல் ஏறி நிற்கும், அதற்காக அகலமாக்கி வாங்கியது. இப்போது அதே கண்ணாடி தளர்ந்து வழிகிறது. கடைக்காரர் மூக்குத் தாங்கியை இரண்டு முறை உள்பக்கம் வளைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. புது ஃபிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஆவணியில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, அதற்குள் கொடுத்துவிடுவீர்களா என்று பெரியப்பா அவரிடம் கேட்டார்.